காரைக்குடி கண்ட கல்வி வள்ளல்

ஆறும் ஏரியும் சூழ்ந்த ஊர்களுக்கு அவற்றின் நீர்வளமே பெருமை தரும். காரைக்குடிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அது செம்மண்ணும் சரளைக்கல்லும் நிறைந்த வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஊருணி வற்றும். ஊருணி வற்றினால் ஊர் வாடும். காரைச் செடி மண்டிய காட்டைத் திருத்தி அமைத்த குடியிருப்பாதலின் இவ்வூர் காரைக்குடி எனப் பெயர் பெற்றது என்பர். இத்தகைய மண்ணில், 1947-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குள், கலைக்கல்லூரியும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், பொறியியற் கல்லூரியும், நாடறிந்த ஆராய்ச்சிக் கூடமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவையனைத்தும் எழுவதற்குக் காரணராய் இருந்தவர் ஒருவரே. அவர்தாம் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

காரைக்குடியை அடுத்துள்ளது கோட்டையூர். அவ்வூரில் இராமநாதன் செட்டியார்க்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். அவர் பிறந்த நகரத்தார் குலம் வாணிகத்தில் தேர்ந்த குலம். ஈழம், பருமா, மலேயா முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று பொருளீட்டுதலை அவர்கள் கொண்டுவிற்கப் போதல் என்று வழங்குவர். சிறுவன் ஒருவன் எழுத்தும் கணக்கும் கற்றுத் தெளிந்தவுடன் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறுவான், பின்பு அடுத்தாளாவான், திறமையுடையவனாயின் மேலாளாக உயர்வான். இவ்வாறு ஈட்டிய பொருள் ஊருக்குத் திரும்பியபோது பருமாத் தேக்குத் தூண்களாகவும், வெளிநாட்டுச் சலவைக் கல் பதித்த முற்றங்களாகவும் உருக்கொண்டது. கோயில் திருப்பணிகளுக்கும் ஊருணி வெட்டுதற்கும் அவர்கள் வாரி வழங்கியதைத் தமிழ்நாடு நன்கு அறியும். ஆயினும் உயர்கல்வி கற்க விரும்பிய செட்டிநாட்டு இளைஞன் மதுரைக்கோ, திருச்சிராப்பள்ளிக்கோ, சென்னைக்கோ செல்ல வேண்டியவனாகவே இருந்தான். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அஃது எளிது. ஊருணிக் கரையில் குடிசை கட்டி வாழ்ந்த உழவனின் பிள்ளைக்கு?

அழகப்பர் செல்வர் வீட்டுப் பிள்ளை. காரைக்குடியில் பள்ளிக் கல்வி முடித்தபின் அவர் கப்பல் ஏறவில்லை. சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகர் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். அந்நாளில் அவர் வானூர்தி ஓட்டவும் கற்றுக்கொண்டார் என்பது மாணவர்க்கு வியப்பளிக்கும் செய்தியாகும். கணக்குப் பெட்டியின் முன் அமர்ந்து வட்டிக் கணக்கு எழுதிய குலத்தில் தோன்றிய இளைஞர், வானத்தில் ஊர்தி செலுத்தினார்!

தாயகம் திரும்பிய அழகப்பர் வழக்குமன்றத்தை நாடாமல் தொழில் துறையில் புகுந்தார். கொச்சிச் சமத்தானத்தில், திருச்சூரை அடுத்த பகுதியில், அவர் நிறுவிய நூற்பாலையும் நெசவாலையும் பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தன. ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகின்றது. மலேயாவில் இரப்பர்த் தோட்டம், பருமாவில் ஈயச் சுரங்கம், காப்பீட்டுக் கழகம், வானூர்தி நிறுவனம் எனப் பல துறைகளில் அவர் கை வைத்தார். இவற்றுள் ஒவ்வொன்றையும் விரித்துரைப்பின் ஏடு பெருகும். செல்வர் பலர் அந்நாளில் இருந்தனர். அச்செல்வத்தை அவர் என் செய்தார் என்பதே நாம் அறியத் தக்கது.

அழகப்பர் கல்விக்கு அளித்த பெருங்கொடைகள் முதற்கண் தம் ஊரைத் தேடிச் செல்லவில்லை. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சித் துறை அமைய ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். மலையாளம் பேசும் நாட்டின் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை அமைந்தமை அவர் கொடையின் பயனே ஆகும். பேரறிஞர் வையாபுரிப் பிள்ளை பிற்காலத்தில் அவ்விருக்கையை அணி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பக் கல்வி தொடங்க எண்ணியபோது அழகப்பர் 5 இலட்சம் ரூபாய் ஈந்தார். அதன் பயனாகக் கிண்டியில் 1944-ஆம் ஆண்டில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அஃது இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகத் திகழ்கின்றது. ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. நாடு விடுதலை பெற்றபோது அழகப்பர் அப்பட்டத்தைத் துறந்தார்.

1947-ஆம் ஆண்டு சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய டாக்டர் இலக்குமணசாமி முதலியார் அக்கூட்டத்தில் உரையாற்றினார். கல்லூரிகள் பெருநகரங்களிலேயே குவிந்து கிடத்தல் தகாது என்றும், உள்நாட்டுப் பகுதிகளிலும் அவை தோன்ற வேண்டும் என்றும், அதற்குச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்றும் அவர் எடுத்துரைத்தார். இத்தகைய வேண்டுகோள்களைக் கேட்டுத் தலையசைத்துக் கலைந்து செல்வது கூட்டத்தினர் இயல்பு. அழகப்பர் அவ்வாறு செய்யவில்லை. காரைக்குடியில் தாம் ஒரு கல்லூரி தொடங்குவதாக அக்கூட்டத்திலேயே அறிவித்தார்.

அறிவித்தல் எளிது, கட்டிடம் எங்கே? ஆசிரியர் எங்கே? நூல்நிலையம் எங்கே? இவையெல்லாம் அமையட்டும் என்று அவர் காத்திருப்பாராயின் ஓராண்டோ ஈராண்டோ கழிந்திருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நாடு விடுதலை பெற்ற நாளை ஒட்டி, காரைக்குடியில் காந்தி மாளிகை என்னும் கட்டிடத்தில் அழகப்பா கல்லூரி தொடங்கப்பெற்றது. அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையே சென்றவை சில வாரங்களே.

கட்டிடம் எழுப்புதற்கு ஒருமுறை பொருள் தந்தால் போதும். கல்லூரியோ ஆண்டுதோறும் உண்ணும் குழந்தை போன்றது. ஆசிரியர்க்குத் திங்கள்தோறும் ஊதியம் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குக் கருவிகள் வேண்டும். தொலைவிலிருந்து வரும் மாணவர்க்கு விடுதி வேண்டும். அவ்விடுதிக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் அரிதான ஊரில் இஃது ஒன்றே பெருஞ்செலவு. தெருவுக்குத் தெரு மாளிகைகள் நிறைந்திருந்த ஊரில், எவரும் குடியேறாத பொட்டல் காட்டை வளைத்துக் கல்லூரி நகரம் அமைக்க முற்பட்ட அவரை அந்நாளில் சிலர் வியந்திருப்பர்; சிலர் நகைத்தும் இருப்பர்.

இந்நிலையில் மற்றொரு வாய்ப்பு வந்தது. விடுதலை பெற்ற இந்தியா அறிவியல் துறையில் முன்னேறத் தேசிய ஆராய்ச்சிக் கூடங்கள் பலவற்றை நிறுவத் திட்டமிட்டது. இயற்பியல் ஆராய்ச்சிக்குத் தில்லி, வேதியியலுக்குப் பூனா, உலோகவியலுக்கு ஜாம்ஷெட்பூர், தோல் தொழிலுக்குச் சென்னை என இடங்கள் அமைந்தன. இவையெல்லாம் பெருநகரங்கள், அல்லது ஆலைகள் சூழ்ந்த தொழில் நகரங்கள். மின்வேதியியல் ஆராய்ச்சிக்கும் ஒரு கூடம் வேண்டியிருந்தது. மின்னாற்றலுக்கும் வேதியியல் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது மின்வேதியியல். பொருள்களுக்கு வெள்ளி முலாமும் நிக்கல் முலாமும் பூசுதல், மின்கலங்கள் செய்தல், அலுமினியம் போன்ற உலோகங்களைப் பிரித்தெடுத்தல், இரும்பு துருப்பிடித்து அழியாமற் காத்தல் ஆகிய அனைத்தும் இத்துறையின் பாற்படும். வளர விரும்பும் எந்த நாட்டுக்கும் இன்றியமையாத துறை இது.

அக்கூடத்தைக் காரைக்குடியில் அமைப்பதாயின் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருவதாக அழகப்பர் இந்திய அரசுக்கு உரைத்தார். ஒரு பவுன் தங்கம் நூறு ரூபாய்க்கும் கீழ் விற்ற காலத்தில் 15 இலட்சம் எத்துணைப் பெருந்தொகை என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அரசு அக்கொடையை ஏற்றது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் தலைமை அமைச்சர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாட் காலத்தில், அந்நாளைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருட்டிணன் அக்கூடத்தைத் திறந்துவைத்தார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைச் சிற்றூர்ப் புறத்தில் அமைப்பதில் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. அறிஞர்கள் நாடும் பெரு நூல்நிலையங்கள் தொலைவில் உள்ளன. ஆராய்ச்சியின் பயனைப் பெறவேண்டிய ஆலைகளும் அருகில் இல்லை. வடநாட்டிலிருந்து வரும் அறிஞர்க்கு ஊரும் புதிது, மொழியும் புதிது. ஆகவே, அழகப்பர் தம் ஊர்ப்பற்றினால் நாட்டின் தேவையைச் சிறிதாகக் கருதிவிட்டாரோ என்ற ஐயம் எவர்க்கேனும் எழலாம். அவ்வாறு எழுவது குற்றம் அன்று. ஆனால் கிண்டிக்கும் திருவனந்தபுரத்துக்கும் முன்னரே அள்ளித் தந்த கையே காரைக்குடிக்கும் தந்தது என்பதை மறத்தல் ஆகாது. தம் ஊர் மட்டும் உயரவேண்டும் என்று எண்ணியவர் அல்லர் அவர். தம் ஊரும் உயரவேண்டும் என்று எண்ணியவர். பெருநகரங்களுக்குக் கொடுக்க அரசும் உண்டு, பிற செல்வரும் உண்டு. இச்செம்மண் காட்டுக்குக் கொடுக்க எவர் உளர்? ஆராய்ச்சிக் கூடமோ அழியாமல் ஊன்றியது. கடற்காற்றின் உப்பு இரும்பை அரிப்பதை ஆராய மண்டபத்தில் கிளை நிலையமும் கண்டது. காரைக்குடியின் பெயர் அறிவியல் உலகில் வழங்கலாயிற்று.

இதற்கிடையே கல்லூரி வளாகமும் ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே சென்றது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. 1952-இல் பொறியியற் கல்லூரி தோன்றியது. உடற்பயிற்சிக் கல்லூரியும், தொழிற்பயிற்சிப் பள்ளியும், மழலையர் பயிலும் மாண்டிசோரிப் பள்ளியும் வந்தன. தாய் மடியிலிருந்து இறங்கிய குழந்தை அவ்வளாகத்துள் புகுந்தால், பொறியாளனாக வெளிவருதல் கூடும் என்னும் நிலை ஏற்பட்டது. மகளிர்க்கெனத் தனிக் கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, தக்க கட்டிடம் இல்லாக் குறையை நீக்க, அழகப்பர் தாம் குடியிருந்த மனையையே அதற்கு வழங்கினார். பெருமனை கட்டி அதில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைப்பது அந்நாட்டு வழக்கம். பிறந்த ஊரும் வளர்ந்த வீடும் அவர்கட்கு உயிரினும் இனியவை. தேக்குமரத்தாலும் சுண்ணச் சாந்தாலும் ஆகிய அப்பெருமையைப் பெண்கள் கல்வி பெறுதற்பொருட்டு ஒருவர் விட்டுக்கொடுத்தார் எனின், அதன் அருமையைச் செட்டிநாட்டார் நன்கு உணர்வர்.

இவ்வளவு விரைவு எதற்கு? பத்து ஆண்டுகளில் செய்தவற்றை நாற்பது ஆண்டுகளில் செய்திருக்கலாகாதா? அழகப்பர்க்கு அத்துணைக் காலம் இல்லை. கடும்பிணி ஒன்று அவர் உடலை நெடுநாளாக வாட்டி வந்தது. மருத்துவம் பலவும் செய்தும் அது தீரவில்லை. படுக்கையிற் கிடந்தபோதும் கல்லூரிப் பணிகளிலேயே அவர் உள்ளம் இருந்தது. கொடுக்கக் கொடுக்கக் கைப்பொருள் குறைந்தது, நாளும் குறைந்தது. எனினும் தொடங்கிய பணிகளுள் எதனையும் அவர் நிறுத்தவில்லை. இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். மறுநாள் விடிந்திருப்பின் அவருக்கு 48 ஆண்டுகள் நிறைந்திருக்கும்.

வள்ளல் மறைந்தால் அவர் வளர்த்த நிலையங்களும் வாடிப்போதல் உலகில் பலகாலும் காணப்படுவது. காரைக்குடியில் அவ்வாறு நேரவில்லை. 1985-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அவ்வளாகத்தில் அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. ஒரு காலத்தில் கல்லூரிக்காக மதுரைக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிய ஊருக்கு, இப்போது பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். 1928-இல் நகராட்சியாகிய காரைக்குடி, 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஊரின் பழைய தெருக்களில் அகன்ற மாளிகைகள் பல பூட்டிக் கிடக்கின்றன; அவற்றின் உரிமையாளர்கள் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வந்து திறந்துவிட்டுச் செல்கின்றனர். ஆள் நடமாட்டம் மிகுந்து, விடுதிகளும் கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கி, நாள்தோறும் விரிந்து வருவது ஊருக்கு வெளியே பொட்டலாய்க் கிடந்த கல்லூரிப் பக்கமே. காலையில் மணி ஒலித்ததும் மிதிவண்டியிலும் பேருந்திலும் மாணவர் வந்து இறங்கும் அப்பக்கத்தில் ஒரு குடியிருப்புக்கு அழகப்பபுரம் என்று ஊரார் பெயர் வைத்திருக்கின்றனர்.