வன்னீவர் புஷ்

வன்னீவர் புஷ் (மார்ச் 11, 1890 – ஜூன் 28, 1974) ஓர் அமெரிக்க மின்பொறியாளர், கண்டுபிடிப்பாளர் மற்றும் அறிவியல் நிருவாகி ஆவார். மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம். ஐ. டி.) பேராசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ரேத்தியான் நிறுவனத்தை நிறுவிய மூவருள் ஒருவராக விளங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் அறிவியல் ஆய்வு மற்றும் மேம்பாட்டு அலுவலகத்தின் இயக்குநராக இருந்து, பல்கலைக்கழகங்கள், தொழில் நிறுவனங்கள், படைத்துறை ஆகிய மூன்றையும் ஒப்பந்தங்களின் வழியே இணைத்தார். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் தோன்றுவதற்கும் இவரது அறிக்கையே அடிப்படையாக அமைந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களாக இருந்த புஷ் குடும்பத்தினருக்கும் இவருக்கும் உறவு எதுவும் இல்லை.

இளமையும் கல்வியும்

வன்னீவர் புஷ், மாசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் எவரெட் நகரில் கிறித்தவ மதகுரு பெரி புஷ், எம்மா லின்வுட் இணையருக்கு மூன்றாவது குழந்தையாகவும் ஒரே மகனாகவும் பிறந்தார். இவரது குடும்பம் 1892 இல் செல்சி நகருக்குக் குடிபெயர்ந்தது. டஃப்ட்ஸ் கல்லூரியில் பயின்று 1913 இல் இளநிலை, முதுநிலைப் பட்டங்களை ஒருங்கே பெற்றார். மாணவராக இருந்தபோதே, நிலத்தின் மீது தள்ளிச் செல்லும்பொழுது அதன் மேடுபள்ளங்களைத் தாளில் வரைந்துகாட்டும் கருவி ஒன்றை உருவாக்கி அதற்குக் காப்புரிமமும் பெற்றார். இக்கருவியை எந்த நிறுவனமும் வாங்க முன்வரவில்லை. எனினும் கணித முறையில் தொகையிடும் வேலையை ஒரு பொறி செய்ய முடியும் என்னும் இதன் அடிப்படை, பின்னாளில் இவர் அமைத்த கணிப்பொறிகளிலும் இடம்பெற்றது.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சிறிது காலம் பணியாற்றிய பின்னர், எம். ஐ. டி.யும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து வழங்கிய பொறியியல் முனைவர் பட்டத்தை 1916 இல் பெற்றார். அதே ஆண்டில் ஃபீபி டேவிஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகன்கள் பிறந்தனர்.

முதலாம் உலகப் போர்க் காலம்

டஃப்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, அக்கல்லூரி வளாகத்தில் செயற்பட்டு வந்த அம்ராட் என்னும் வானொலி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலும் புஷ் பணியாற்றினார். கல்லூரியும் தொழிலகமும் ஒரே இடத்தில் இயங்குவதை இவர் முதலில் கண்டது இங்கேதான்.

அமெரிக்கா 1917 இல் போரில் இறங்கியபோது, நீர்மூழ்கிக் கப்பல்களால் காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அவற்றைக் கண்டறியும் கருவி ஒன்றை இவர் உருவாக்கினார். இக்கருவி மரக்கப்பல்களில் மட்டுமே ஒழுங்காக இயங்கக்கூடியது. கடற்படையோ அதனை உலோகக் கப்பல்களில் பொருத்த முற்பட்டது. இதனால் இக்கருவி போரில் பயன்படாமற் போயிற்று. ஆய்வாளர்களுக்கும் படையினருக்கும் இடையே முறையான தொடர்பு இல்லாவிடில் நல்ல கருவியும் வீணாகும் என்பதை இந்நிகழ்வு இவருக்கு உணர்த்தியது.

ரேத்தியான் நிறுவனத்தின் தோற்றம்

புஷ் 1919 இல் எம். ஐ. டி.யின் மின்பொறியியல் துறையில் சேர்ந்தார். ஆசிரியர்கள் தொழில் நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருப்பதை இக்கழகம் ஊக்குவித்தது. கல்லூரிக் காலத்தில் இவரது அறைத்தோழராக இருந்த லாரன்ஸ் மார்ஷல், இயற்பியலாளர் சார்லஸ் ஸ்மித் ஆகியோருடன் இணைந்து 1922 இல் கேம்பிரிட்ஜ் நகரில் அமெரிக்கன் அப்ளையன்ஸ் கம்பனி என்னும் நிறுவனத்தை இவர் தொடங்கினார். ஸ்மித் சிந்தித்து வைத்திருந்த ஒரு புதிய குளிர்பதனப் பெட்டியை உற்பத்தி செய்வதே இவர்களது முதல் நோக்கம். அம்முயற்சி வெற்றி பெறவில்லை.

அடுத்ததாக இவர்களது கவனம் வாயு நிரப்பிய மின்திருத்திக் குழாய் மீது சென்றது. அக்கால வானொலிப் பெட்டிகள் மின்கலங்களால் இயங்கின. அவை விலை மிகுந்தவை. அடிக்கடி மாற்ற வேண்டியவை. வீட்டிற்கு வரும் மாறுமின்னோட்டத்தை இக்குழாய் நேர்மின்னோட்டமாக மாற்றித் தந்ததால், உயர் மின்னழுத்த மின்கலத்தின் தேவை நீங்கியது. இந்தியானா மாநிலத்தில் வேறொரு நிறுவனம் அதே பெயரைக் கொண்டிருந்த காரணத்தால், 1925 இல் இந்நிறுவனம் ரேத்தியான் எனப் பெயர் மாற்றப்பட்டது. 'தெய்வங்களிடமிருந்து வரும் ஒளி' என்பது இச்சொல்லின் பொருளாகக் கூறப்படுகிறது.

வகைக்கெழுப் பகுப்பி

மின்சாரம் செல்லும் நீண்ட கம்பித்தடங்களில் திடீர் மாற்றம் நேரும்போது என்ன நிகழும் என்பதை அறிய, கையால் தீர்ப்பதற்குக் கடினமான வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. இதற்கென புஷ்ஷும் அவரது மாணவர்களும் 1920களின் பிற்பகுதியில் ஒரு பொறியை அமைக்கத் தொடங்கி 1931 இல் நிறைவு செய்தனர். சுழலும் வட்டுகள், சக்கரங்கள், தண்டுகள் ஆகியவற்றால் ஆன இப்பொறி வகைக்கெழுப் பகுப்பி எனப்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் உட்படப் பல இடங்களில் இதனைப் பின்பற்றிப் பொறிகள் அமைக்கப்பட்டன.

இப்பொறியை இயக்கும் உதவியாளராக 1936 இல் சேர்ந்த கிளாடு ஷானன் பின்னர் தகவல் கோட்பாட்டை உருவாக்கினார். புஷ்ஷிடம் முனைவர் பட்டம் பெற்ற பிரெடரிக் டெர்மன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சுற்றி மின்னணுத் தொழில்கள் வளரக் காரணமானார். பிற்காலத்தில் சிலிக்கான் பள்ளத்தாக்கு எனப்பட்டது அப்பகுதியே.

1932 இல் புஷ் எம். ஐ. டி.யின் துணைத் தலைவராகவும் பொறியியல் புலத் தலைவராகவும் ஆனார். 1939 இல் வாசிங்டன் கார்னெகி நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்றுத் தலைநகருக்குக் குடிபெயர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர்

பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்துகொண்டிருந்த ஜூன் 1940 இல் புஷ், குடியரசுத் தலைவர் ரூசவெல்ட்டைச் சந்தித்து ஒரு பக்கத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். சில நிமிடங்களிலேயே அதற்கு ஒப்புதல் கிடைத்தது. இவ்வாறு தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழு உருவானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் கோனன்ட், எம். ஐ. டி. தலைவர் காம்ப்டன், பெல் ஆய்வுக்கூடத் தலைவர் ஜூவெட் முதலியோர் இதன் உறுப்பினர்களாயினர். 1941 இல் இக்குழு, புதிதாக அமைக்கப்பட்ட அறிவியல் ஆய்வு மற்றும் மேம்பாட்டு அலுவலகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

அறிஞர்களுக்குப் படைச் சீருடை அணிவித்து அரசின் ஆய்வுக்கூடங்களுக்கு அழைத்துச் செல்லும் பழைய முறையை புஷ் ஏற்கவில்லை. மாறாக, அவரவர் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கோ தொழிலகத்துக்கோ ஒப்பந்தம் வழங்கப்பட்டது. ஆய்வுச் செலவுடன் கட்டடம், மின்சாரம், நிருவாகம் போன்ற மறைமுகச் செலவுகளும் ஈடுசெய்யப்பட்டன. இம்முறையே இன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு மானியங்களுக்கு முன்னோடி ஆகும்.

ராடாரும் ரேத்தியானும்

செப்டம்பர் 1940 இல் பிரித்தானியத் தூதுக்குழு ஒன்று, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் ஆகிய இருவரும் உருவாக்கிய குழிவகை மேக்னட்ரானை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. சிறிய அலைநீளத்தில் மிகுந்த ஆற்றலைத் தரவல்ல இக்குழாயைக் கொண்டு, வானூர்தியில் பொருத்தத்தக்க அளவிலான ராடாரை அமைக்க முடிந்தது. இதற்கெனப் புஷ்ஷின் குழு எம். ஐ. டி.யில் கதிரியக்க ஆய்வுக்கூடம் என்னும் அமைப்பை ஏற்படுத்தியது. ஆய்வின் நோக்கத்தை மறைக்கவே இப்பெயர் இடப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் பணியாற்றிய இவ்வாய்வுக்கூடத்தில் சுமார் 100 வகை ராடார் அமைப்புகள் வடிவமைக்கப்பட்டன.

அருகிலிருந்த ரேத்தியான் அப்போது வானொலிக் குழாய்கள் செய்யும் நடுத்தர நிறுவனமாகவே இருந்தது. மேக்னட்ரானைத் திண்மச் செப்புக் கட்டியிலிருந்து நுட்பமாகக் குடைந்து செய்ய வேண்டியிருந்ததால் உற்பத்தி மிக மெதுவாக நடந்தது. ரேத்தியானின் பெர்சி ஸ்பென்சர், செப்புத் தகடுகளை அச்சில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளிப் பற்றாசு கொண்டு உலையில் ஒட்டவைக்கும் முறையைக் கண்டார். இதனால் உற்பத்தி நாளொன்றுக்கு 2,600 வரை உயர்ந்தது. போர்க்கப்பல்களுக்கான எஸ். ஜி. ராடாரையும், பீரங்கிக் குண்டுகளின் அண்மை வெடிமூட்டிகளுக்கான சிறு குழாய்களையும் இந்நிறுவனம் உற்பத்தி செய்தது. இவ்வாறு, இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ரேத்தியான் அமெரிக்காவின் முதன்மையான பாதுகாப்பு மின்னணு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

அணுகுண்டுத் திட்டத்தின் தொடக்கமும் புஷ்ஷின் அலுவலகத்தின் கீழேயே அமைந்தது. அத்திட்டம் பின்னர் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் நடைபெற்ற முதல் அணுவெடிப்பை இவர் நேரில் கண்டார்.

எல்லையற்ற களம் அறிக்கை

ஜூலை 1945 இல் புஷ், அறிவியலை முடிவில்லாத எல்லைப்புறமாகச் சித்தரிக்கும் அறிக்கையைக் குடியரசுத் தலைவர் ட்ரூமனிடம் அளித்தார். அடிப்படை ஆய்வுக்கு அரசு நிதியளிக்க வேண்டும், ஆனால் ஆய்வின் திசையை அறிஞர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது இதன் சாரம். அதே மாதத்தில் வெளியான கட்டுரை ஒன்றில், நூல்களையும் ஆவணங்களையும் சேமித்து ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் மெமெக்ஸ் என்னும் கற்பனைப் பொறியையும் விவரித்தார். இது மீயுரைக் கருத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

விமர்சனங்கள்

ஒப்பந்தங்களை வழங்கும் குழுவில் இருந்தோரே அவற்றைப் பெறும் நிறுவனங்களின் தலைவர்களாகவும் இருந்தது கண்டனத்துக்குள்ளாயிற்று. போர்க்கால ஆய்வு நிதியில் எம். ஐ. டி. மட்டும் சுமார் 11.7 கோடி டாலர் பெற்று முதலிடம் வகித்தது. நிதி ஒரு சில பல்கலைக்கழகங்களில் குவிவதை எதிர்த்த மேலவை உறுப்பினர் கில்கோர், அதனை எல்லா மாநிலங்களுக்கும் பகிரவும், அரசுப் பணத்தில் விளைந்த காப்புரிமங்களைப் பொதுவுடைமையாக்கவும் கோரினார். புஷ் இவற்றை எதிர்த்தார். தேசிய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் குடியரசுத் தலைவருக்குப் பொறுப்பானவராக இல்லை என்னும் காரணத்தால், 1947 இல் ட்ரூமன் அதற்கான சட்டமுன்வரைவை நிராகரித்தார். அந்நிறுவனம் 1950 இலேயே அமைந்தது.

இக்காலதாமதத்தின் விளைவு பெரிது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடற்படை ஆய்வு அலுவலகமும் பிற படைப்பிரிவுகளும் பல்கலைக்கழக ஆய்வின் முதன்மைப் புரவலர்களாயின. படைத்துறையின் பிடிக்கு வெளியே அறிவியலை வைத்திருக்க விரும்பிய புஷ்ஷின் எண்ணம் முழுமையாக நிறைவேறவில்லை. ரேத்தியான் ஏவுகணைத் துறையில் இறங்கி ஸ்பாரோ, ஹாக் ஆகியவற்றை உருவாக்கியது. அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினியை எம். ஐ. டி. கருவியியல் ஆய்வுக்கூடம் வடிவமைக்க, ரேத்தியான் அதனை உற்பத்தி செய்தது. வியட்நாம் போரின்போது படைத்துறை ஆய்வுக்கு எதிராக மாணவர்கள் போராடியதன் விளைவாக, அந்த ஆய்வுக்கூடம் 1973 இல் எம். ஐ. டி.யிலிருந்து பிரிக்கப்பட்டது.

இறுதிக் காலம்

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் விரைவில் சாத்தியமாகா என்று புஷ் கருதியது பின்னர் பிழையாயிற்று. 1952 இல் ஐதரசன் குண்டின் முதற் சோதனையைத் தள்ளிவைக்குமாறு அரசுக்கு அறிவுறுத்தினார், அது ஏற்கப்படவில்லை. 1954 இல் ஓப்பன்ஹைமர் மீதான விசாரணையில் அவருக்கு ஆதரவாகச் சாட்சியளித்தார். கார்னெகி நிறுவனத்திலிருந்து 1955 இல் ஓய்வு பெற்றபின், மெர்க் மருந்து நிறுவனத்தின் தலைவராகவும், எம். ஐ. டி. ஆட்சிக்குழுத் தலைவராகவும் இருந்தார். 1963 ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. தன் வாழ்க்கை நினைவுகளை 1970 இல் நூலாக வெளியிட்டார்.

புஷ் மாசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் பெல்மான்ட் நகரில் தமது 84 ஆவது வயதில் காலமானார். இவர் தொடங்கிய ரேத்தியான் 2020 இல் யுனைட்டெட் டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. இணைந்த நிறுவனம் 2023 முதல் ஆர். டி. எக்ஸ். என அழைக்கப்படுகிறது.