'போசான்' பெயருக்குப் பின்னால் ஒரு வகுப்பறை: யார் இந்த சத்யேந்திர நாத் போஸ்?

2012 ஜூலையில் 'கடவுள் துகள்' கண்டுபிடிச்சாச்சுன்னு உலகம் முழுக்க பிரேக்கிங் நியூஸ் ஓடியது. அந்த ஹிக்ஸ் போசான் என்ற பெயரில் முதல் பாதி பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் ஹிக்ஸைக் குறிக்கிறது. இரண்டாம் பாதி கொல்கத்தாவில் பிறந்த ஓர் இயற்பியல் ஆசிரியரைக் குறிக்கிறது. அவர்தான் சத்யேந்திர நாத் போஸ்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். ஹிக்ஸ் துகளை போஸ் கணிக்கவில்லை. அடிப்படைத் துகள்களை விஞ்ஞானிகள் இரண்டு குடும்பமாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு குடும்பத்துக்கு போஸின் பெயரை வைத்தவர் பால் டிராக். ஒளித்துகளான ஃபோட்டானும் அந்தக் குடும்பம்தான். அப்படி ஒரு குடும்பத்துக்கே பெயர் வைக்கிற அளவுக்கு போஸ் என்ன செய்தார்?

ஜெர்மன் படித்த இளைஞர்

போஸ் பிறந்தது 1894 ஜனவரி 1. அப்பா ரயில்வே ஊழியர். பிரசிடென்சி கல்லூரியில் ஜெகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகியோரிடம் பாடம் கேட்டார். கூடப் படித்தவர் மேகநாத் சாஹா. 1915-ல் எம்.எஸ்சி. தேர்வில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

படிப்பு முடிந்ததும் இருவருக்கும் கல்கத்தா பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே துறைக்கு 1917-ல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் சர் சி.வி.ராமன். ஆனா அது முதல் உலகப் போர் நேரம். புது இயற்பியல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் வந்துகொண்டிருந்தது, புத்தகங்களோ இந்தியாவுக்கு வரவில்லை. தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, ஜெர்மன் கற்றுக்கொண்டு படித்தார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1920-ல் பல்கலைக்கழகமே அதைப் புத்தகமாக வெளியிட்டது.

1921-ல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, போஸ் அங்கே ரீடராகப் போனார்.

பாடத்தில் இருந்த ஓட்டை

இரும்புக் கம்பியை நெருப்பில் வைத்தால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெண்மையாகும். எந்த வெப்பநிலையில் எந்த நிற ஒளி எவ்வளவு வரும்? நியூட்டன் காலத்து இயக்கவியலையும் மின்காந்த அலைக் கொள்கையையும் வைத்து இதைக் கணக்கிட்டால், புற ஊதாப் பக்கம் போகப் போக ஆற்றல் எல்லையே இல்லாமல் ஏறிக்கொண்டு போகும். அது உண்மையாக இருந்தால் அடுப்பு பக்கத்தில் யாரும் உட்கார முடியாது.

1900-ல் மேக்ஸ் பிளாங்க் இதற்கு ஒரு வழி கண்டார். ஆற்றல் குழாய்த் தண்ணீர் மாதிரி தொடர்ச்சியாக வராமல், பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று வைத்துக்கொண்டார். விடை சோதனையோடு அப்படியே பொருந்தியது. குவாண்டம் கொள்கை பிறந்தது இங்கேதான்.

ஆனா டாக்காவில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இதை நடத்தும்போது போஸுக்கு ஒரு நெருடல். பிளாங்க் சூத்திரத்தின் ஒரு பகுதி பழைய அலைக் கொள்கையிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி, அந்தப் பழைய கொள்கை சரிப்பட்டு வராது என்று சொல்லும் குவாண்டத்திலிருந்து வருகிறது. ஒரே கணக்கில் பாதி தூரம் பழைய வண்டி, மீதி தூரம் புது வண்டி. விடை சரியா வருதுல்ல, போதும் என்று தாண்டிப் போயிருக்கலாம். நிறைய ஆசிரியர்கள் அப்படித்தான் போனார்கள். போஸால் முடியவில்லை.

(கரும்பலகையில் அவர் தவறுதலாக ஒரு கணக்கைப் போட, அதுவே கண்டுபிடிப்பானது என்று ஒரு கதை சமூக வலைதளங்களில் சுற்றுகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. உறுதியான ஆதாரம் கிடையாது.)

பூவா, தலையா?

அவர் கண்ட வழியை இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். இரண்டையும் சுண்டினால் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு விதமாக விழலாம். இரண்டும் தலையாக விழ வாய்ப்பு நான்கில் ஒன்று. தலை-பூவும் பூ-தலையும் தனித்தனிக் கணக்கு. ஏன்னா, இது முதல் காசு, அது இரண்டாவது காசு என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியும். பழைய இயக்கவியலும் இப்படித்தான். ஒரே மாதிரி இரண்டு பந்துகள் உருண்டாலும், எது எங்கிருந்து வந்தது என்று பின்தொடர முடியும்.

ஒளித்துகள்களுக்கு இது செல்லாது. இது முதல் ஃபோட்டான், அது இரண்டாவது ஃபோட்டான் என்று அடையாளம் வைக்கவே வழியில்லை. அப்படியானால் தலை-பூவும் பூ-தலையும் ஒன்றேதான். மொத்தம் மூன்றே விதம், இரண்டும் தலையாக விழ வாய்ப்பு மூன்றில் ஒன்று. அதாவது, இந்தத் துகள்கள் ஒரே நிலையில் கூட்டமாகச் சேர்வதற்கான வாய்ப்பு கூடுகிறது. எண்ணும் முறையை இப்படி மாற்றியதும், பழைய அலைக் கொள்கையின் உதவி இல்லாமலேயே பிளாங்க் சூத்திரம் முழுசாக வந்து விழுந்தது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அப்போது தனக்கே தெரியவில்லை என்று போஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம்

சின்னக் கட்டுரைதான். பிரிட்டனின் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழுக்கு அனுப்பினார், அங்கே அது அச்சேறவில்லை. 1924 ஜூன் 4-ம் தேதி, முன்பின் பழக்கமில்லாத ஐன்ஸ்டைனுக்கே நேரடியாக அனுப்பினார். தகுதியானது என்று தோன்றினால் வெளியிட ஏற்பாடு செய்யும்படியும் கேட்டுக்கொண்டார். அப்போது போஸுக்கு வயது 30. டாக்டர் பட்டமும் கிடையாது.

ஐன்ஸ்டைன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து, முக்கியமான முன்னேற்றம் என்று குறிப்பும் சேர்த்து அந்த ஆண்டே வெளியிட வைத்தார். பிறகு அதே எண்ணும் முறையை அணுக்களுக்கும் பொருத்தி, மிகக் குளிர்ந்த நிலையில் அணுக்கள் ஒரே நிலையில் குவியும் என்று கணித்தார். அதுதான் போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு.

ஐன்ஸ்டைன் அனுப்பிய ஒரு போஸ்ட்கார்டு போஸுக்குப் பல கதவுகளைத் திறந்தது. இரண்டு வருட வெளிநாட்டு விடுப்பு கிடைத்தது, ஜெர்மனி விசாவும் சுலபமானது. பாரிஸில் மேரி கியூரியைச் சந்தித்தார். முதலில் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வாருங்கள் என்று கியூரி அறிவுறுத்த, தனக்கு ஏற்கெனவே பிரெஞ்சு தெரியும் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தார் மனுஷன்! டாக்கா திரும்பியதும் ஐன்ஸ்டைனின் பரிந்துரையோடு பேராசிரியர் ஆனார். தமிழ்நாட்டின் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன் பின்னர் சில ஆண்டுகள் ரீடராகப் பணியாற்றியதும் இதே துறையில்தான்.

நோபல் பரிசுக்கு போஸ் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. ஐன்ஸ்டைன் கணித்த அந்த நிலையை 1995-ல் அமெரிக்காவில் ரூபிடியம் அணுக்களில் உருவாக்கிக் காட்டியவர்களுக்கு 2001-ல் நோபல் கிடைத்தது.

தாய்மொழியில் இயற்பியல்

1945-ல் கொல்கத்தா திரும்பிய போஸ், அதன்பிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிட இன்னொரு வேலையில் தீவிரமானார். அறிவியலை வங்காளியில் கற்றுத்தர வேண்டும் என்பதே அது. 1948-ல் வங்கிய விஞ்ஞான் பரிஷத்தைத் தொடங்கி, 'ஞான் ஓ பிஞ்ஞான்' என்ற மாத இதழையும் கொண்டுவந்தார். கலைச்சொற்கள் இல்லை, உயர் இயற்பியலுக்கு மொழி போதாது என்று சக பேராசிரியர்களே எதிர்த்தார்கள். குறை மொழியில் இல்லை என்பதில் போஸ் பிடிவாதமாக இருந்தார். 1962-ல் ஜப்பான் போனபோது, அங்கே விஞ்ஞானிகள் ஜப்பானிய மொழியிலேயே விவாதிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அதையே உதாரணமாகக் காட்டினார். ஜெர்மனும் பிரெஞ்சும் கற்று இயற்பியல் படித்த ஒருவர் இதைச் சொன்னதால், மொழி தெரியாமல் பேசுகிறார் என்று யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை.

அவருக்கு 80 வயது நிறைந்ததையும், அந்தக் கட்டுரைக்கு 50 ஆண்டு ஆனதையும் 1974 ஜனவரியில் கொல்கத்தாவில் கொண்டாடினார்கள். அடுத்த மாதம், பிப்ரவரி 4-ம் தேதி போஸ் காலமானார்.