குருவோட குரு பிறந்த ஊர்: காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங்

வெளிநாட்டுல ஒரு குடும்பத்தோட தங்கி, அவங்க பாஷையைக் கத்துக்கிட்டு, நம்ம பாஷையை அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்துட்டு வர்றது... இப்போ ஸ்கூல் பசங்களுக்கே இதுக்கு லாங்குவேஜ் எக்ஸ்சேஞ்ச் புரோகிராம் இருக்கு. விசா, இன்ஷூரன்ஸ், ஃபார்ம் எல்லாம் உண்டு. இது எதுவுமே இல்லாத காலத்துல, ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டிருந்தும் கிளம்பி, பதினாறு வருஷம் ஊர் ஊரா விருந்தாளியா இருந்து படிச்ச ஒருத்தர் நம்ம காஞ்சிபுரத்துக்கும் வந்திருக்கார். வரலாற்றுப் புத்தகத்துல ரெண்டு மார்க் கேள்வியா நாம கடந்து வந்த யுவான் சுவாங்தான் அவர்.

602 வாக்கில் சீனாவின் லோயாங் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். அண்ணன் புத்த பிட்சு. அவரைப் பார்த்து இவரும் பதிமூணு வயசுலயே மடத்தில் சேர்ந்துவிட்டார். படிக்கப் படிக்க ஒரு சிக்கல். சீன மொழிபெயர்ப்புகள் ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டன. ஆசிரியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம். நோட்ஸ் குழப்பினால் நாம டெக்ஸ்ட்புக்கைத் தேடுவோம் இல்லையா? அவர் தேடின டெக்ஸ்ட்புக் இந்தியாவில், சமஸ்கிருதத்தில் இருந்தது.

629 வாக்கில் தலைநகர் சாங்கானிலிருந்து ரகசியமாகக் கிளம்பினார். பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கைதவறிக் கொட்டிவிட, நாலு ராத்திரி அஞ்சு பகல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனார் என்று அவருடைய சீடர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதைத் தாண்டினால் காவோசாங் என்ற சின்ன நாடு. அந்த ராஜாவுக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போய், இங்கேயே இருங்க, அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம். இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மூணு நாள் தாண்டியதும் ராஜா இறங்கி வந்தார். ரெண்டு பேரும் சகோதரர்களாக உறுதி எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது மூணு வருஷம் இங்கே தங்கணும் என்பதுதான் ஒப்பந்தம். வழியில் இருக்கும் நாடுகளுக்கு ராஜா 24 அறிமுகக் கடிதங்கள் கொடுத்தார். ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு சுருள் பட்டு. இதைவிட நல்ல ரெகமண்டேஷன் லெட்டர் யாருக்குக் கிடைக்கும்?

காஷ்மீரில் ரெண்டு வருஷம் படித்தார். அப்புறம் நாலந்தா. அங்கே தலைமை ஆசான் சீலபத்திரர், நூறு வயசைத் தாண்டியவர் என்று சொல்வார்கள். தினப்படியாகப் பாக்கு, ஜாதிக்காய், கற்பூரம், மகாசாலி என்ற பெரிய அரிசி எல்லாம் இந்த வெளிநாட்டு மாணவருக்கு மடத்திலிருந்தே வந்தது. சுமார் அஞ்சு வருஷம் தத்துவமும் இலக்கணமும் படித்தார். சீன மொழியில் பெயரும் வினையும் உருவம் மாறாது. சமஸ்கிருதத்திலோ எட்டு வேற்றுமை. ஒருமை, பன்மை போக இருமை வேறு. முப்பது வயசுக்கு மேல அவர் இதையெல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்கார்.

பிறகு கிழக்குக் கடற்கரை ஓரமாகத் தெற்கே இறங்கினார். கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய அமராவதிப் பக்கம், சுபூதி, சூரியன் என்ற ரெண்டு பிட்சுகளைச் சந்தித்தார். அவங்க பிரிவு நூல்களை இவர் பல மாதம் அவங்ககிட்ட படித்தார். மகாயான நூல்களை அவங்க இவர்கிட்ட படித்தாங்க. அசல் எக்ஸ்சேஞ்ச்னா அதுதான்.

640 வாக்கில் காஞ்சி. பல்லவர் காலம். கைலாசநாதர் கோயில் அப்போது கட்டப்படவில்லை. நாம இன்னிக்குக் கொண்டாடுற பட்டு நெசவுக்கும் இன்னும் பல நூற்றாண்டு இருந்தது. அவர் குறிப்பில் இருக்கும் காஞ்சி வேற மாதிரி ஊர்: நூறுக்கு மேல் புத்த மடங்கள், பத்தாயிரம் பிட்சுகள், எண்பது வாக்கில் தேவர் கோயில்கள், நிறைய திகம்பர சமணர்கள். மக்கள் தைரியசாலிகள், வாக்குத் தவறாதவர்கள், படிப்பை மதிப்பவர்கள் என்று எழுதி வைத்தார். மொழியும் எழுத்தும் நடு இந்தியாவிலிருந்து கொஞ்சம்தான் மாறுபடும் என்பது அவர் கணக்கு. தமிழைக் கேட்டுவிட்டு கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால், அவர் பேசிப் பழகினது பெரும்பாலும் மடத்துக்குள்ளே, சமஸ்கிருதத்தில்தான் என்று தோணுது. ஹோஸ்ட் வீட்டில் எல்லாரும் இங்கிலீஷ் பேசிட்டா நமக்கும் இதே கதிதான்!

ஆனா காஞ்சி அவருக்கு வெறும் வழியில் வந்த ஊர் இல்ல. சீலபத்திரரின் குரு தர்மபாலர் பிறந்த ஊர் இது. அமைச்சர் மகன், ராஜா தன் பெண்ணையே கட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்தபோது, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஊரை விட்டு ஓடித் துறவியானவர் என்பது அங்கே வழங்கிய கதை. காஞ்சிப் பையன் வடக்கே போய் நாலந்தாவின் பேராசான் ஆனார். அவர் பள்ளியின் பேரன் மாதிரி ஒருத்தர் சீனாவிலிருந்து தாத்தா ஊருக்கு வந்து நிற்கிறார்.

இங்கிருந்து மூணு நாள் கப்பல் பயணத்தில் இலங்கை போகணும் என்பது திட்டம். அங்கே ராஜா இறந்து, பஞ்சமும் கலவரமும் என்று சொல்லிக்கொண்டு முந்நூறு பிட்சுகள் காஞ்சிக்கு வந்து இறங்கினார்கள். அவர்களிடமே தன் சந்தேகங்களைக் கேட்டார். சீலபத்திரர் சொன்னதைத் தாண்டி அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. இலங்கை ஆசையை விட்டுவிட்டு வடமேற்கே திரும்பினார்.

ஹர்ஷர் கடல் வழியே அனுப்பி வைக்கத் தயாராக இருந்தார். காவோசாங் ராஜாவுக்குக் கொடுத்த வாக்குக்காக இவர் தரை வழியையே கேட்டார். ஆனா அந்த வாக்கைக் காப்பாற்ற வழியில்லாமல் போச்சு. 640-லேயே தாங் படை காவோசாங்கைப் பிடித்துவிட்டது. அந்த ராஜாவும் உயிரோடு இல்லை.

645-ல் 657 நூல்களோடு சாங்கான் வந்தார். தடையை மீறிப் போனவரைப் பேரரசர் தாய்சோங் மரியாதையோடு வரவேற்றார். அதற்குப் பிறகு 664-ல் இறக்கும்வரை மொழிபெயர்ப்புதான் வேலை: 75 நூல்கள், 1,335 பகுதிகள். பேரரசர் உத்தரவுப்படி லாவோட்சுவின் நூலைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்கும் வேலையும் நடந்தது, அதாவது எதிர்த் திசையிலும். இந்திய நண்பர்களோடு கடிதத் தொடர்பும் விடவில்லை. சீலபத்திரர் இறந்த செய்திக்கு வருந்தி எழுதினார். சிந்து நதியைக் கடக்கும்போது ஆற்றோடு போன நூல்களின் பட்டியலை அனுப்பி, திரும்ப அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

659-ல் அவர் முடித்த ஒரு பெரிய தொகுப்பு நூலுக்குத் தர்மபாலரின் விளக்கம்தான் அடிப்படை. தர்மபாலர் எழுதிய அந்த உரையின் சமஸ்கிருத மூலம் இன்று கிடைக்கவில்லை. காஞ்சிக்காரர் ஒருத்தர் என்ன யோசித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள நாம இன்னிக்குச் சீன மொழியைத்தான் நம்பணும். அந்தச் சிந்தனை அங்கிருந்து ஜப்பான் வரைக்கும் போய், ஒரு புத்தப் பிரிவாக இன்னும் இருக்கு.

அந்த நூறு மடங்களில் ஒண்ணுகூட இன்று காஞ்சியில் நிற்கவில்லை. காமாட்சி அம்மன் கோயிலில் கிடைத்த புத்தர் சிலை எழும்பூர் மியூசியத்தில் இருக்கு; கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலிலும் புத்தர் சிலைகள் உண்டு. அடுத்த தடவை யாராவது கல்யாணப் புடவை எடுக்க உங்களையும் காஞ்சிபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனால், கடையில் அவங்க பார்டர் பார்க்கும் நேரத்தில் அந்தக் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க நண்பர்களே.