ஐராவதி கார்வே

ஐராவதி, பர்மா நாட்டை வளமுறச் செய்யும் பேராறு. அந்நாட்டினின்று திரும்பி, வடசென்னையில் எண்ணூர், வியாசர்பாடிப் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அப்பெயர் புதிதன்று. அவ்வாற்றங்கரையிலுள்ள மியிஞ்சான் என்னும் ஊரில், பருத்திக் கம்பெனி ஒன்றில் பணியாற்றிய மராட்டியப் பொறியாளருக்கு 1905ஆம் ஆண்டில் பெண்மகவு ஒன்று பிறந்தது. ஆற்றின் பெயரையே பெற்றோர் அதற்கு இட்டனர். அம்மகவே மானிடவியலில் பெரும்புகழ் எய்திய ஐராவதி கார்வே.

ஏழாம் வயதில் கல்வியின்பொருட்டு அவர் புனே நகருக்கு அனுப்பப்பட்டார். பின்னர், பெண்கல்விக்கு அரும்பாடுபட்ட தோண்டோ கேசவ கார்வேயின் மகனும் வேதியியல் அறிஞருமாகிய தினகரரை மணந்தார். 1920களின் இறுதியில் கடல் கடந்து பெர்லின் சென்று, யூஜென் பிஷர் என்பாரிடம் மாணவியாய் அமர்ந்தார். பிஷர், வெள்ளை இனத்தாரே உயர்ந்தோர் என்னும் கொள்கையினர். மண்டையோட்டின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒவ்வாது வேறுபடுதல் அவ்வினத்தாரிடம் மிகுதி என்றும், அதுவே அறிவு மேம்பாட்டின் அடையாளம் என்றும் அவர் எண்ணினார். அதனை அளந்து காணும் பணி ஐராவதியிடம் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்து சேர்த்திருந்த மண்டையோடுகளையும் ஐரோப்பியர் மண்டையோடுகளையும் அவர் பொறுமையுடன் அளந்தார். வேறுபாடு இருந்தது, ஆனால், இனத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பட்டம் வழங்கும் ஆசிரியரின் கொள்கைக்கு மாறாக எழுதுதல் அயல்நாட்டு மாணவி ஒருத்திக்கு எளிதோ? அவர் கண்டதையே எழுதினார். பட்டமும் பெற்றார். அவ்வாசிரியரோ, பின்னாளில் இட்லரின் இனவெறி ஆட்சிக்குத் துணைநின்றார்.

1939ஆம் ஆண்டில் ஐராவதி புனே தக்காணக் கல்லூரியில் பணியேற்றார். தொல்லியலறிஞர் சங்காலியா தலைமையில் குசராத்திலுள்ள இலங்கனாசு மேட்டை அகழ்ந்தபோது, கற்கால மக்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்தோருள் அவரும் ஒருவர். பெயரும் ஊரும் அறியாத எலும்பு, ஆணுடையதா பெண்ணுடையதா என எவ்வாறு தெளிவது? இடுப்பெலும்பே முதற்சான்று. மகப்பேற்றிற்கு ஏற்பப் பெண்ணின் இடுப்பு அகன்றிருக்கும். முன்புறம் எலும்புகள் கூடும் கோணமும் விரிந்திருக்கும். ஆணின் மண்டையோட்டில் புருவமேடு புடைத்தும் காதின் பின்னுள்ள முனை பருத்தும் காணப்படும். ஆயினும் மெலிந்த ஆணும் உண்டு, திண்ணிய பெண்ணும் உண்டு. ஆதலின் ஓர் உறுப்பை மட்டும் நோக்கி முடிவுகட்டுதல் கூடாது. பருவம் எய்தாச் சிறாரின் எலும்பிலோ இவ்வேறுபாடுகள் தெளிவுறத் தோன்றா. பன்னூறாண்டு மண்ணிற் கிடந்து நொறுங்கியவற்றில் இடுப்பெலும்பு முழுமையாய்க் கிடைப்பதும் அரிது.

எலும்போடு அவர் நின்றுவிடவில்லை. புனே வீதிகளில் ஸ்கூட்டர் ஓட்டிச் சென்று கண்டோரை வியப்பில் ஆழ்த்திய அவ்வம்மையார், குந்தி, காந்தாரி, திரௌபதி முதலியோரை மானிடராகவே கண்டு, யுகாந்தம் என்னும் மராட்டிய நூலை யாத்தார். அந்நூல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் காலமானார்.