கூந்தல் களிம்பு விற்ற சீமாட்டி

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணி முருகன் கோவிலில் தினமும் பக்தர்கள் முடி காணிக்கை செலுத்துகிறார்கள். மொட்டை அடித்த தலையில் சந்தனம் பூசுகிறார்கள். முடி வளர்வதற்கென்று தைலம் எதுவும் தடவுவது இல்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் முடி வளர்ந்துவிடுகிறது. ஆறு மாதம் போனால் சீப்பு எடுத்து வாரலாம்.

முடி எங்கே இருந்து வளருகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதனால்தான் வெட்டும்போது வலிப்பது இல்லை. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் வேரில்!

அதே மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகும் பெண்களிலும் சிலர், சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்து, அழகு நிலையத்துக்குப் போய், ரசாயன மருந்து போட்டுச் சுருட்டை முடியை நேராக்கிக்கொள்கிறார்கள். சில மாதங்களில் முடி ஒடியத் தொடங்கினால், முடி வளர்க்கும் தைலத்தைத் தேடுகிறார்கள்.

மருந்து போட்டு நேராக்கிய முடியை அந்தத் தைலம் வளர்க்குமா?

இந்தக் கேள்வி புதிது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களிடையே இது பெரிய கேள்வியாக இருந்தது. அந்தக் காலத்தில் கூந்தல் களிம்பு விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தவர் வாக்கர் அம்மையார். அவர் கதையைப் படித்தால் கேள்விக்கு விடையும் கிடைக்கும்.

அடிமைகளின் மகள்

வாக்கர் அம்மையாரின் இயற்பெயர் சாரா. 1867-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, லூசியானா மாநிலத்தில் டெல்டா என்ற சிற்றூரில் பிறந்தாள். தாய் தந்தை இருவரும் ஒரு பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் குழந்தை சாராதான்.

விடுதலை கிடைத்தது. ஆனால் வறுமை விடவில்லை. ஏழு வயதிலேயே சாரா தாய் தந்தையை இழந்தாள். அக்காள் வீட்டில் வளர்ந்தாள். 14 வயதில் திருமணம் நடந்தது. 1885-ல் லீலியா என்ற பெண் குழந்தை பிறந்தது. 20 வயதில் கணவர் இறந்துவிட்டார்.

கைக்குழந்தையோடு சாரா செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனாள். அங்கே அவளுடைய அண்ணன்மார் முடி திருத்தும் தொழில் செய்துவந்தார்கள். சாராவுக்குக் கிடைத்தது துணி வெளுக்கும் வேலை. காரச் சவுக்காரத்தில் கையை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தொட்டி அருகே நிற்க வேண்டும். கூலி நாளுக்கு ஒரு டாலர். மிஞ்சிப்போனால் ஒன்றரை டாலர்.

அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து மகளைக் கல்லூரி வரை படிக்கவைத்தாள்.

முடி கொட்டியது!

அந்த நாளில்தான் சாராவுக்கு ஒரு சோதனை வந்தது. தலையில் பொடுகும் புண்ணும் உண்டாகி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அங்கங்கே வழுக்கை விழுந்தது.

இது அவள் ஒருத்திக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஏழை வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தலைக்குக் குளிப்பது அரிது. சாப்பாடும் சத்து இல்லாதது. போதாததற்கு, கண்ட கண்ட காரப் பொருள்களைத் தலையில் தேய்த்து முடியை நேராக்கப் பார்த்தார்கள். இத்தனையும் சேர்ந்து எத்தனையோ பெண்களின் தலையைப் பாழாக்கின.

முடி போன பெண்ணுக்கு வெளியே தலைகாட்ட வெட்கம். வேலை தேடிப் போனாலும் ஏளனப் பார்வை. ஆகவே கூந்தல் என்பது வெறும் அலங்காரம் அல்ல, மானப் பிரச்சினை.

செயின்ட் லூயிஸ் நகரில் ஆனி டர்ன்போ என்ற பெண்மணி கூந்தல் மருந்து தயாரித்து விற்றுவந்தார். சாரா அவரிடம் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தாள். தொழிலின் நுட்பம் அங்கேதான் பிடிபட்டது.

கனவில் கிடைத்த மருந்தா?

1905-ல் சாரா டென்வர் நகருக்குக் குடிபோனாள். சமையல் வேலை பார்த்துக்கொண்டே கூந்தல் மருந்து விற்றாள். 1906 ஜனவரியில் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தாள். அதுமுதல் வாக்கர் அம்மையார் என்ற பெயரில் சொந்தக் களிம்பு வெளிவந்தது. அற்புதக் கூந்தல் வளர்ப்பான் என்பது அதன் பெயர்.

இந்த மருந்தைக் கனவில் ஒரு பெரியவர் வந்து சொன்னார் என்று அம்மையார் கூறிவந்தார். ஆனி டர்ன்போவோ, தம்முடைய மருந்தைப் பார்த்துச் செய்தது என்று குற்றம் சாட்டினார். உண்மையில், களிம்பின் முக்கியச் சரக்கு கந்தகமும் வாசலினும்தான். தலைப் பொடுகுக்கும் சொறிக்கும் கந்தகம் போடுவது வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த முறை.

அப்படியானால் முடி வளர்ந்தது பொய்யா? இல்லை, வளரத்தான் செய்தது!

அம்மையார் களிம்பை மட்டும் விற்கவில்லை. அடிக்கடி தலைக்குக் குளிக்க வேண்டும், தலைத் தோலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், பிறகே களிம்பைத் தடவ வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். அழுக்கு போனது. கந்தகம் புண்ணை ஆற்றியது. நோய் நீங்கிய வேரில் இருந்து முடி தானாக முளைத்தது. களிம்பு புது முடியை உண்டாக்கவில்லை. முடிக்கு இருந்த தடையை நீக்கியது.

நேராக்கும் மருந்து

அதே காலத்தில் கிளீவ்லாந்து நகரில் காரெட் மார்கன் என்ற தையல் எந்திரக்காரர், முடியை நேராக்கும் பசை ஒன்றைக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு நாயின் சுருட்டை ரோமத்தில் முதலில் தடவிப் பார்த்தாராம். பிறகு தம் தலையிலேயே தடவிக்கொண்டார். 1913-ல் அதற்கென்று ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

இந்த மாதிரி மருந்து எப்படி வேலை செய்கிறது?

முடியில் கந்தகம் இயற்கையாகவே இருக்கிறது. கந்தக அணுக்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நிற்பதால்தான் முடிக்கு வலுவும் வடிவமும் உண்டாகின்றன. நேராக்கும் ரசாயனம் அந்தக் கைகளைப் பிரித்துவிடுகிறது. சுருள் போகிறது. கூடவே வலுவும் குறைகிறது. மருந்து கூடிப்போனால் சீப்பு பட்டாலே முடி பாதியில் ஒடிகிறது.

வாக்கர் அம்மையார் சுருட்டை முடியை வாரிவிடச் சூடேற்றிய இரும்புச் சீப்பைப் பயன்படுத்தினார். ஆனால் தம்மை முடி நேராக்குபவர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தலைத் தோலைக் குணப்படுத்தி முடி வளரச் செய்வதே தம் தொழில் என்று மறுத்துச் சொல்வார்.

வீடு வீடாக விற்பனை

அம்மையார் ஊர் ஊராகப் பயணம் செய்தார். மாதா கோவில்களிலும் பெண்கள் கூடும் இடங்களிலும் செய்து காட்டினார். 1908-ல் பிட்ஸ்பர்க் நகரில் மகள் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1910-ல் இண்டியானாபொலிஸ் நகருக்கு வந்து தொழிற்சாலை கட்டினார்.

துணி வெளுத்தும் சமைத்தும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் பயிற்சி பெற்று விற்பனைக்காரிகள் ஆனார்கள். முதன்முதலாகச் சொந்தச் சம்பாத்தியம் கண்டார்கள்.

1912-ல் கறுப்பின வியாபாரிகளின் தேசிய மாநாடு நடந்தது. அம்மையாருக்குப் பேச அனுமதி கிடைக்கவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று தம் கதையைத் தாமே சொன்னார். மறு ஆண்டு அதே மாநாட்டில் தலைவர் புக்கர் வாஷிங்டன் அவரை மேடைக்கு அழைத்துப் பேசவைத்தார்.

1917-ல் பிலடெல்பியா நகரில் தம் விற்பனைப் பெண்களுக்கு மாநாடு கூட்டினார். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார். அதிகம் தர்மம் செய்தவர்களுக்கும் பரிசு கொடுத்தார்! கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமையை எதிர்த்து வெள்ளை மாளிகைக்கு மனுக் கொண்டுபோன குழுவிலும் அவர் இருந்தார்.

1918-ல் நியூயார்க் அருகே மாளிகை கட்டி முடித்தார். அதில் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. ரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் சேர்ந்து, 1919-ம் ஆண்டு மே 25-ந் தேதி, 51-வது வயதில் காலமானார். 1998-ல் அமெரிக்க அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

இன்றைய மருத்துவம் சொல்வது

அம்மையாரின் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று உண்டு. மினாக்சிடில் என்ற மருந்து முதலில் ரத்தக் கொதிப்புக்கு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்வதைக் கண்டு, பிறகு தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலவகை முடி உதிர்தலுக்கு அது பலன் தருகிறது. மாதக்கணக்கில் தடவ வேண்டும். நிறுத்தினால் பலனும் போய்விடும். ரசாயனத்தால் எரிச்சல் கண்ட தோலில் தடவக்கூடாது. டாக்டர் யோசனை அவசியம்.

இந்த மருந்தும் வேரில்தான் வேலை செய்கிறது. ஏற்கெனவே வெந்துபோன முடியை எந்தத் தைலமும் பழையபடி ஆக்காது. எண்ணெய் தடவினால் வழவழப்பு உண்டாகி ஒடிவது குறையலாம். அவ்வளவுதான். ரசாயனம் தோலைச் சுட்டு வேர் தழும்பாகிவிட்டாலோ, அங்கே முடி முளைப்பதே கடினம்.

ஆகவே தைலத்துக்குக் காசு கொடுக்கும் முன்பு, சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால், அது வேரோடு விழுந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை அப்படி விழுவது இயல்பு. அதற்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டலாம். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால், அது ஒடிந்த முடி. அதற்கு மருந்து கடையில் இல்லை. நேராக்குவதை நிறுத்தி, ஒடிந்த நுனியை வெட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாதம் ஒரு சென்டிமீட்டர் வீதம் புது முடி தானே இறங்கி வரும்.