திமிங்கலங்களின் குரலைக் கேட்டு இருப்பிடம் அறிந்த வில்லியம் ஷெவில்

பனிப்போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் நீரடி ஒலிவாங்கிகளில் விநோதமான துடிப்பொன்று தொடர்ந்து பதிவானது. விநாடிக்கு சுமார் 20 அதிர்வுகளே கொண்ட, மனிதச் செவிக்கு எட்டுவதே அரிதான தாழ்ந்த ஒலி அது. சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒலித்ததால், சோவியத் நாட்டின் நீர்மூழ்கிகளோடு தொடர்புடையதோ என்ற ஐயம் எழுந்தது. அது துடுப்புத் திமிங்கலத்தின் குரல் என 1964-இல் சக ஆய்வாளர்களுடன் இணைந்து நிறுவியவர் வில்லியம் ஷெவில்.

1906-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ஷெவில், ஹார்வர்டில் பயின்றவர். தொடக்கத்தில் தொல்லுயிர் ஆய்வாளராக விளங்கிய அவர், 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் குரோனோசாரஸ் என்னும் மாபெரும் கடல் ஊர்வனவின் புதைபடிவத்தை அகழ்ந்தெடுத்தார். இரண்டாம் உலகப் போர் அவரது பாதையை மாற்றியது. உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் நீரடி ஒலி ஆய்வில் ஈடுபட்ட அவர், எதிரிக் கப்பல்களைத் தேடும் கருவிகள் உயிரினங்களையும் கண்டறிய உதவும் என்பதை உணர்ந்தார்.

தம் மனைவியும் பாலூட்டியியல் அறிஞருமான பார்பரா லாரன்சுடன் கனடாவின் சாகுனே ஆற்றுக்குச் சென்று, வெண்திமிங்கலங்களின் ஒலிகளைப் பதிவு செய்தார். இயற்கைச் சூழலில் வாழும் திமிங்கலங்களின் குரலைப் பதிவு செய்த முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று. ஓங்கில்கள் எதிரொலியைக் கொண்டு இரை தேடுவதற்கான சான்றுகளை இத்தம்பதியர் 1956-இல் வெளியிட்டனர்.

கேட்பதோடு நில்லாமல், குரல் எழும் இடத்தைக் கணிக்கவும் அவர் முனைந்தார். நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பயணிக்கிறது. வெவ்வேறு இடங்களில் இறக்கப்பட்ட ஒலிவாங்கிகளை ஒரே குரல் சற்றே முன்பின்னாக வந்தடையும். அந்த நேர வேறுபாட்டிலிருந்து திமிங்கலத்தின் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையை, நெடுநாள் சகாவான வில்லியம் வாட்கின்சுடன் இணைந்து 1972-இல் அவர் விளக்கினார். இருளிலும், ஆழத்திலும், கொந்தளிக்கும் கடலிலும் திமிங்கலங்களைப் பின்தொடர இது வழிவகுத்தது.

ஷெவில் 1994-இல் காலமானார். வாட்கின்சும் அவரும் திரட்டிய ஒலிப்பதிவுகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அவர் வகுத்த பாதை இந்தியக் கடலையும் எட்டியுள்ளது. லட்சத்தீவின் கவரத்தி அருகே 2018-ஆம் ஆண்டின் இறுதி முதல் நீருக்கடியில் வைக்கப்பட்ட கருவிகளில் நீலத் திமிங்கலத்தின் பாடல் பதிவானது. கண்ணில் படாத அந்தப் பேருயிர் அக்கடலில் உலவுவதற்கு அதன் குரலே சாட்சியானது.