அஸிஸுல் ஹக்: கோடி கைரேகைகளில் ஒன்றைத் தேடும் வழியை உருவாக்கிய கணக்கு மாணவர்

உங்கள் அப்பா, அம்மா சித்தூரில் இருக்கிறார்கள், நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் திருமலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வீட்டுப் பூட்டு உடைந்திருக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது. உங்களுக்கு போன் வருகிறது.

போலீசோடு 'க்ளூஸ் டீம்' வரும். ஆந்திராவில் தடயம் எடுக்க வருபவர்களை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பீரோ கதவில் பவுடர் தூவி, பிரஷால் மெதுவாகத் தடவி, தெரிகிற ரேகையை டேப்பில் ஒட்டி எடுப்பார்கள். ரத்தம் மாதிரி ஏதாவது கிடைத்தால் அது திருப்பதியில் இருக்கும் மண்டலத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். கைரேகை மட்டும் தனி வழியில், காவல்துறையின் கைரேகைப் பிரிவுக்குப் போகும்.

சிக்கலே அதுக்கு அப்புறம்தான். சித்தூருக்கு ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகா. அந்த விரலுக்குச் சொந்தக்காரர் வேலூரிலோ கோலாரிலோ முன்பு கைதானவராக இருக்கலாம். அதனால்தான் எல்லா மாநிலங்களின் கைரேகைகளையும் ஒரே இடத்தில் தேடும் 'நாஃபிஸ்' என்ற தேசியத் தானியங்கி கைரேகை அமைப்பு 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் இந்த அமைப்பில் 1 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. கைதாகும் ஒவ்வொருவருக்கும் 10 இலக்க எண் ஒன்று உண்டு.

ஒரு கோடியில் ஒன்றை எப்படித் தேடுவது? கம்ப்யூட்டர் தேடும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒருவர் விடை கண்டுபிடித்தார். டேட்டாவோடு வேலை செய்கிறவர் என்றால் அந்த விடை உங்களுக்கு ரொம்பவே பரிச்சயமானதாக இருக்கும். அவர் பெயர் காஸி அஸிஸுல் ஹக்.

யார் இவர்?

ஹக் பிறந்தது 1872-ல், இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில், பாய்கிராம் கஸ்பா என்ற ஊரில். சின்ன வயதிலேயே பெற்றோர் படகு விபத்தில் இறந்துபோனார்கள் என்றும், பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு கல்கத்தாவுக்கு வந்தவரை அங்கே ஒரு குடும்பம் படிக்கவைத்தது என்றும் சொல்லப்படுகிறது. கணக்கில் அவர் கெட்டி. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார்.

1891-ல் வங்காளத்தின் காவல்துறைத் தலைவராக எட்வர்ட் ஹென்றி பொறுப்பேற்றார். பழைய குற்றவாளி பெயரை மாற்றிக்கொண்டு வந்து நின்றால் அவரை அடையாளம் காண வழியில்லை என்பது அவருடைய தலைவலி. அப்போது உலகமே நம்பியது பிரான்சின் பெர்தியோன் முறையை: தலையின் நீளம், அகலம், நடுவிரல், முன்கை, பாதம் என்று உடலை அளந்து அட்டையில் எழுதிவைப்பது. எண்களைக் கையாள ஆள் வேண்டும் என்று ஹென்றி பிரசிடென்சி கல்லூரி முதல்வரிடம் கேட்டார். முதல்வர் கைகாட்டியது ஹக்கை. 1892-ல் ஹக் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார்.

தடய அறிவியல் பிரிவுக்கு ஆள் எடுப்பதில் இதைவிட நல்ல முடிவு அந்த நூற்றாண்டில் எடுக்கப்பட்டதா தெரியாது. போலீஸ் அனுபவமே இல்லாத ஒரு கணக்கு மாணவரை எடுத்தார்கள், பாருங்க.

அளவெடுக்கும் முறை ஏன் தோற்றது?

ஹக்குக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை உடல் அளவு முறையை வங்காளத்தில் நிலைநாட்டுவது. செய்தார். செய்யச் செய்ய அதன் ஓட்டை தெரிந்தது. ஒரே ஆளை இரண்டு போலீஸ்காரர்கள் அளந்தால் இரண்டு விடை வரும். ஒருவர் கருவியை அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பார். நம் மொழியில் சொன்னால், அளவீட்டுப் பிழை அதிகம். பிழையான எண்ணை வைத்து அட்டையைத் தேடினால், உள்ளே இருக்கும் ஆளே கிடைக்க மாட்டார்.

கைரேகையில் அந்தப் பிரச்சினை இல்லை. மையில் தோய்த்து வைத்தால் விரலே தன்னைப் பதிவு செய்துவிடும். வங்காளத்துக்கு இது புதுசும் இல்லை. வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858-லேயே ஒப்பந்தத் தாளில் கைப்பதிவு வாங்கியிருந்தார். லண்டனில் ஃபிரான்சிஸ் கால்டன் 1892-ல் இதைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். ரேகைகள் வாழ்நாள் முழுக்க மாறாது என்பதை அவர் காட்டினார். ஆனால் ஆயிரக்கணக்கான அட்டைகளுக்கு நடுவே தேட அவருடைய வகைப்படுத்தல் போதவில்லை. அர்ஜென்டினாவில் ஹுவான் வுசெட்டிச் அதே காலத்தில் தனியாக ஒரு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது ஒரே ஊரில் பிறந்த யோசனை இல்லை.

1,024 பெட்டிகள்: கணக்கு என்ன?

இப்போது உங்கள் விரல்களைக் கொஞ்சம் பாருங்கள். ரேகைகள் வட்டமாகச் சுழன்றால் அது சுழி. ஒரு பக்கத்திலிருந்து வந்து வளைந்து அதே பக்கம் திரும்பினால் லூப். மேடு மாதிரி ஏறி இறங்கினால் வில். ஹக்கின் முறையில் முதல் கட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான்: இந்த விரலில் சுழி இருக்கிறதா, இல்லையா?

வலது கட்டைவிரலை 1 என்று தொடங்கி, வலது சுண்டுவிரல் 5, இடது கட்டைவிரல் 6, இடது சுண்டுவிரல் 10 என்று எண்ணுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து ஜோடி. முதல் ஜோடியில் சுழிக்கு 16 மதிப்பெண், அடுத்த ஜோடிகளுக்கு 8, 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்குப் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி, ஒன்று சேர்த்தால் மேலே எழுதும் எண். ஒற்றைப்படை விரல்களுக்கும் அப்படியே செய்தால் கீழே எழுதும் எண். வலது ஆள்காட்டி விரலிலும் இடது கட்டைவிரலிலும் மட்டும் சுழி இருப்பவருக்கு மேலே 16+4+1, அதாவது 21. கீழே 1. அவருடைய அட்டை 21/1 என்ற பெட்டிக்குப் போகும்.

மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு. மொத்தம் 1,024 பெட்டிகள். கல்கத்தாவில் மர அலமாரியில் குறுக்கே 32, நெடுக்கே 32 என்று அறைகள் வைத்தார்கள்.

16, 8, 4, 2, 1 என்றதும் உங்களில் பலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், பைனரியேதான். பத்து விரல், பத்து பிட். தேட வேண்டிய பொருளிலிருந்தே அது இருக்கும் இடத்தின் முகவரியைக் கணக்கிடுவதை இன்று ஹாஷிங் என்று காலேஜில் படிக்கிறோம். இவர்கள் அதை 1890-களில் மரப்பெட்டியில் செய்துவிட்டார்கள்.

குறையும் இருந்தது. பெரும்பாலான விரல்களில் லூப்தான் இருக்கும் என்பதால், சுழியே இல்லாதவர்களின் 1/1 பெட்டி நிரம்பி வழியும். அதற்காக ரேகைகளை எண்ணி உட்பிரிவுகள் செய்தார்கள். இந்த இடத்தில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்: ஹேம் சந்திர போஸ். ஹக்கோடு வேலை செய்த இந்த அதிகாரி உட்பிரிவுகளில் உழைத்ததோடு, கைரேகையைத் தந்தியில் அனுப்புவதற்கு ஒரு குறியீட்டு முறையையும் உருவாக்கினார். இன்னொரு ஊர் அலுவலகத்துக்குப் படம் அனுப்பாமலே ரேகையைச் சொல்லிவிடலாம். சித்தூர் ரேகையைக் கோலாரில் தேடுவதற்கு அன்றைய வழி அது.

வெளியாட்கள் வைத்த பரீட்சை

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. புது முறையை அப்படியே உத்தரவு போட்டு அமல்படுத்திவிடவில்லை. சர்வேயர் ஜெனரல் சார்லஸ் ஸ்ட்ராஹன், வேதியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் பெட்லர் ஆகியோர் கொண்ட குழு அதைச் சோதித்தது. இருவருமே போலீஸ் இல்லை. உடல் அளவு முறையைவிட இது எளிது, செலவு குறைவு, பிழைக்கு இடம் குறைவு என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1897 ஜூன் 12-ல் அரசு ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் பிறந்தது. உலகின் முதல் கைரேகைப் பணியகங்களில் ஒன்று அது.

அடுத்த வருஷமே வேலை வந்தது. ஜல்பைகுரி பகுதியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். சமையல்காரர் முதல் நாடோடிக் கும்பல் வரை பலர்மீது சந்தேகம். வீட்டில் கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் பழுப்பு நிறக் கறை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது ஒரு வலது கட்டைவிரல். முன்பு திருட்டு வழக்கில் சிறை சென்ற ஒரு பழைய வேலைக்காரரின் அட்டையோடு அது பொருந்தியது. கறை பாலூட்டியின் ரத்தம் என்று அரசு ரசாயனப் பரிசோதகர் சான்றளித்தார்.

ஆனால் நீதிமன்றம் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. ரேகை அவர் அங்கே இருந்ததைக் காட்டுகிறது, கொன்றதைக் காட்டவில்லை என்பதே நிலைப்பாடு. திருட்டுக்கு மட்டும் 2 ஆண்டு சிறை. தடயம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற கோட்டை அன்றே சரியாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கைரேகை நிபுணரின் கருத்தை நீதிமன்றம் ஏற்க வழி செய்யும் சட்டத் திருத்தம் 1899-ல் வந்தது.

அப்போ சித்தூரில் என்ன நிலைமை?

அன்று சித்தூர் மதராஸ் மாகாணத்தில் இருந்தது, வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக. தனி மாவட்டமானது 1911-ல். மாகாணத்தின் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849 முதல் மதராஸில் இருந்தது. விஷம், ரத்தம் போன்றவற்றைச் சோதிக்க இந்தியாவில் அமைந்த முதல் ஆய்வகம் அதுதான். இன்று அந்த வேலைக்குத் திருப்பதியிலேயே ஆய்வகம் இருக்கிறது.

ஆய்வகம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆள்? 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள வழக்குகளில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும். இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசம் தரப்பட்டிருப்பதே ஆள் பற்றாக்குறையைச் சொல்லிவிடுகிறது. கைரேகை நிபுணர் ஆவதற்கு அகில இந்திய அளவில் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால்தான் ஆச்சு.

மெஷின் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பேர் என்று கேட்கலாம். 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கம்ப்யூட்டரில் தேடியது. வந்த பட்டியலில் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். அவருடையதேதான் என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர் கைதானார். சில நாட்களில் ஸ்பெயின் போலீஸ் அது வேறொரு ஆளுடைய ரேகை என்று காட்டியது. மெஷின் செய்தது ஒத்துப்போகக்கூடியவர்களின் பட்டியலைக் கொடுத்தது மட்டும்தான். இவர்தான் என்று தப்பாகச் சொன்னது பயிற்சி பெற்ற கண்கள். உங்கள் வீட்டு பீரோ ரேகைக்கும் கடைசியில் அப்படி ஒருவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பெயர் எங்கே போனது?

ஹென்றி 1900-ல் இந்த முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். 1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவைத் தொடங்கினார், 1903-ல் லண்டன் காவல் ஆணையர் ஆனார், சர் பட்டமும் வந்தது. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து இந்த முறை அமெரிக்கா வரை போனது. எங்கே போனாலும் அதற்கு ஹென்றி முறை என்றே பெயர். ரயிலில் போகும்போது திடீரென்று யோசனை உதித்து, காகிதம் இல்லாததால் சட்டைக் கையில் குறித்துக்கொண்டார் என்று ஒரு கதைகூட உண்டு. ஹென்றியின் பங்கு சின்னது இல்லை. ஆளைத் தேர்ந்தெடுத்ததும், அரசை நம்பவைத்ததும், சட்டம் வரை கொண்டுபோனதும் அவர்தான். ஆனால் அந்த அலமாரிக் கணக்கு ஹக்குடையது என்பதைத்தான் பின்னாளில் ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஹக் அமைதியாக வேலையைத் தொடர்ந்தார். 1912-ல் பிகார் தனி மாகாணமானபோது அந்தப் போலீஸ் பணிக்கு மாறினார். 1913-ல் கான் சாகிப், 1924-ல் கான் பகதூர் பட்டங்கள். தன் பங்களிப்புக்கு அங்கீகாரம் கேட்டு அரசிடம் மனு போட்டார். 5,000 ரூபாய் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஹென்றி 1926-ல் லண்டனில் உள்ள இந்திய அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில், இந்த முறையைச் செம்மைப்படுத்தியதில் தன் ஊழியர்களில் வேறு யாரையும்விட ஹக்கின் பங்கு அதிகம் என்று ஒப்புக்கொண்டார். புத்தகம் வந்து 26 வருஷம் கழித்து.

1935-ல் ஹக் பிகாரின் மோத்திஹாரியில் காலமானார். ஜார்ஜ் ஆர்வெல் பிறந்த அதே ஊர். பிரிட்டனில் உள்ள கைரேகை நிபுணர்கள் சங்கம் இப்போது ஹக், போஸ் இருவர் பெயரிலும் ஆராய்ச்சிப் பரிசு ஒன்றை வைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் மட்டும் அது இன்னும் ஹென்றி முறைதான்.